குளத்து உள்வாய் சும்மா கிடக்குற இடம் இல்ல ஐயா

எங்க ஊர் குளத்துல அழகுபடுத்துற வேலை நடத்திட்டு இருக்குற அதிகாரிகளுக்கும், அதுக்குத் தீர்மானம் போட்டுக் கொடுத்த எங்க ஊராட்சிக்காரங்களுக்கும்,

குளத்தோட பேரை வேணும்னேதான் எழுதல. உங்களுக்குத் தெரியும். பேரைப் போட்டா அடுத்த ஞாயித்துக்கிழமையே முப்பது பேரு கேமராவத் தூக்கிட்டு வந்து மடைமேல ஏறி நிப்பாங்க, கண்ணி வைக்கிறவனும் மோப்பம் பிடிச்சு வருவான், அந்தத் தலைவலி வேற எதுக்கு. பாளையங்கோட்டைக்குத் தெக்க, வடகிழக்கு மழைய மட்டும் நம்பி இருக்குற ஒரு மானாவாரிக் குளம்னு மத்தவங்க தெரிஞ்சுகிட்டா போதும்.

போன ஞாயித்துக்கிழமை காலையில பார்த்ததை அப்படியே சொல்றேன், என் புகார் பூரா அதுக்குள்ளயே இருக்கு.

மார்கழி மாசம்ங்கிறதால அஞ்சு மணிக்கே கோயில் ரேடியோ எழுப்பி விட்டுட்டு. அக்கா மக ஏழாங்கிளாஸ் படிக்கா, நோட்டும் பேனாவுமா எனக்கு முன்னாடி எந்திரிச்சு வாசல்ல நிக்கா. எக்ஸெல் வண்டில அவளப் பின்னாடி வச்சுக்கிட்டு முதல்ல வயக்காட்டுக்குத்தான் போனோம், எப்பவும் அப்படித்தான், வெளிச்சம் வர்ற நேரத்துக்கு வயல், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி குளம். பிசானம், அதான் இந்தப் பருவ நெல்லு, நடுவை முக்காவாசி முடிஞ்சுட்டு, கீழப்பத்துல ரெண்டு மூணு வயல்தான் பாக்கி, அங்க டிராக்டர் தொளி அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. டிராக்டர் பின்னாடி உண்ணிக்கொக்கும் மடையானும் வரிசை கட்டி நடக்குறதை நீங்களும் பார்த்திருப்பீங்க, அது உள்ளூர் கூட்டம். அதுக்கு நடுவுல வாலை ஆட்டி ஆட்டி ஓடுது பாருங்க மஞ்சள் வாலாட்டி, அது இங்க உள்ளது இல்ல, இமயமலைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வந்தது. தலைக்கு மேல தகைவிலான் கூட்டம், அதுவும் வந்ததுதான். வரப்புல காலை வச்சதும் கால்மாட்டுலேர்ந்து கோரை உள்ளான் ஒண்ணு விருட்டுனு கிளம்பி கோணல்மாணலா பறந்துச்சு, மருமவ பயந்துபோயி நோட்டைச் சேத்துல போட்டுட்டா. தண்ணி கட்டுன வயல்ல பொரி உள்ளான் மட்டும் பத்தொன்பது. அது ரஷ்யா பக்கம் சதுப்புக் காட்டுல முட்டை பொரிச்சிட்டு ஆவணி புரட்டாசியிலயே இங்க வந்துரும், நாம உழுறதுக்கு முன்னாடியே வந்து காத்துக்கிட்டு இருக்கும். அப்புறம் சேத்துப் பூனைப்பருந்து ஒண்ணு நாத்து உயரத்துக்குத் தாழப் பறந்து வந்ததும் மொத்த வயலும் எந்திரிச்சு, ஒரு சுத்து சுத்திட்டு மறுபடி உக்காந்துச்சு. முக்கால் மணி நேரத்துல முப்பத்தொரு வகை. மனசு நிறைஞ்சு போச்சு.

அப்புறம் குளம்.

எங்க குளத்தைக் கண்ணால பார்க்குறதுக்கு முன்னாடி காதால கேட்டுரலாம். கரைக்கு இந்தப் பக்கம் வண்டிய நிப்பாட்டுனதுமே நீலச்சிறகியோட கரகர சத்தம், ஊசிவால் வாத்தோட மெல்லிசான விசில், நாமக்கோழி சண்டை, எல்லாம் சேர்ந்து ஒரு இரைச்சலா வரும். போன வாரம் வந்தது ஹிட்டாச்சி சத்தம். கரைமேல ஏறிப் பார்த்தா மேக்க இருந்த உள்வாய், அதான் குளத்துக்குள்ள தண்ணி ஆழமில்லாம பரவி நிக்குற சரிவான ஓரம், பூரா செம்மண். குளத்து நடுவுல வெட்டுன மண்ணை லாரி லாரியா கொண்டுவந்து உள்வாய்ல தட்டி, ரோலர் போட்டு இறுக்கி, சிவப்புக் கொடி கட்டுன குச்சி ஊனியிருக்கு. அங்க நின்ன சூப்பர்வைசர் தம்பி நல்லாத்தான் பேசினாரு, "இது பார்க்கிங் சார், அந்தப் பக்கம் சில்ரன்ஸ் பார்க், அதுக்கு அங்கிட்டு போட் ஹவுஸ்"னு கையை நீட்டி நீட்டிக் காட்டினாரு. லாரி டயர் பதிஞ்ச பள்ளத்துல தேங்கின தண்ணில பவளக்கால் உள்ளான் நாலே நாலு, ஒத்தக்கால்ல நின்னுக்கிட்டு இருந்துச்சு. ஆள்காட்டி ஒண்ணு லாரி போகும்போதெல்லாம் கத்திக்கிட்டே பின்னாடி பறந்துச்சு.

மருமவ நோட்டைத் தொறந்து வச்சுக்கிட்டு "மாமா, ஊசிவாலுக்கு என்ன போட?"ன்னு கேட்டா. ஈபேர்டுல, அதான் பறவைக் கணக்கு ஏத்துற இணையதளத்துல, பார்க்காத பறவைக்கு எதுவும் போட வேண்டாம், விட்டுரும்மான்னு சொன்னேன். இல்ல, போன வருசம் இதே வாரத்துல இருநூத்திப் பன்னெண்டு போட்டிருக்கேன், இப்போ சும்மா விட்டா நாளைக்கு நான் எண்ண மறந்துட்டேன்னு நெனப்பாங்கன்னு சொல்லி, ஊசிவால் 0, நீலச்சிறகி 0, தட்டைவாயன் 0, கருவால் மூக்கன் 0ன்னு வரிசையா எழுதினா. அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வச்சிருக்கேன், யார் கேட்டாலும் காட்டுவேன்.

உங்க ஆபீஸுக்கு மூணு தடவ வந்தேன். ரெண்டு தடவ யாரும் இல்ல. மூணாவது தடவ ஒருத்தர் உக்கார வச்சு விளக்கம் சொன்னாரு, அந்த மரியாதைக்கு நன்றி. ஆனா அவர் சொன்னதுதான் என்னை இத எழுத வச்சுது. "உள்வாய்ல தண்ணி முழங்கால் அளவுகூட நிக்காது, சும்மா கிடக்குற இடம், அதை மூடிட்டு நடுவுல பத்தடி ஆழம் வெட்டுறோம், தண்ணி வருசம் பூரா நிக்கும், பறவையும் நிறைய வரும்"னாரு. ஐயா, மனசார சொல்லியிருக்கலாம். ஆனா முழுக்கத் தப்பு.

பறவை எல்லாம் ஒண்ணுபோல தண்ணிக்குள்ள மூழ்கி மீன் பிடிக்காது. முங்கிப் பிடிக்கிறது நீர்க்காகமும் பாம்புத்தாராவும் முக்குளிப்பானும்தான், அதுக்குப் பத்தடி தண்ணி சரி. ஊசிவால் வாத்து என்ன செய்யும்னா தலையத் தண்ணிக்குள்ள விட்டு, வால் வானத்தைப் பார்க்க நிக்க, கழுத்து எட்டுற வரைக்கும் அடிச்சேத்துல இருக்குற விதையையும் கிழங்கையும் கிளறித் தின்னும். கழுத்து எட்டணும்ங்க. பத்தடி ஆழத்துல அதுக்கு என்ன எட்டும்? கருவால் மூக்கனுக்குத் தொடையளவு, அதாவது அதோட தொடை, நம்ம விரக்கடை கணக்குல சில விரக்கடைதான். பொரி உள்ளானுக்கு அதுலயும் கம்மி. பட்டாணி உப்புக்கொத்திக்குத் தண்ணியே வேண்டாம், ஈரமான சேறு இருந்தாப் போதும். கரண்டிவாயன் தண்ணிக்குள்ள நடந்துக்கிட்டே அலகை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வீசும், கால் எட்டாத தண்ணில எங்க நடக்கும். நத்தைக்குத்தி நாரைக்கு நத்தை வேணும், நத்தை இருக்குறது ஓரத்துல.

இன்னொண்ணும் இருக்கு, இதை நான் பன்னெண்டு வருசம் ஒரே குளத்தைப் பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டது. குளம் ஐப்பசி கார்த்திகைல நிறையும், தை மாசத்துலேர்ந்து பாய்ச்சலுக்குத் தண்ணி போகப் போக வத்தும். உள்வாய் தாம்பாளம் மாதிரி சரிவா இருக்குறதால தண்ணி ஒரு சாண் இறங்கினா ஓரம் பத்துப் பதினஞ்சு அடி உள்ள வந்துரும். அந்த வாரம் புதுசா வெளிய வந்த சேத்துல புழு, பூச்சி, விதை எல்லாம் திறந்து கிடக்கும், உள்ளான் கூட்டம் அங்க இறங்கும். அடுத்த வாரம் ஓரம் இன்னும் உள்ள போகும், கூட்டமும் கூடவே போகும். இப்படியே பங்குனி வரைக்கும் வாராவாரம் புதுப் பந்தி. ஊருக்குத் திரும்புறதுக்கு முன்னாடி உடம்புல கொழுப்பு ஏத்துறது அந்தக் கடைசி மாசத்துலதான், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கணும்ல, வழில பங்க்கா இருக்கு பெட்ரோல் போட. நீங்க கரையைத் தொட்டி மாதிரி செங்குத்தா வெட்டி கல்லு பதிச்சா தண்ணி ஒரு சாண் இறங்கினாலும் ஓரம் ஒரு அடிகூட நகராது. தண்ணி இருக்கும், பந்தி இருக்காது.

"பக்கத்துக் குளம் இருக்குல்லா, அங்க போகட்டும்"னு ஊர்க்கூட்டத்துல ஒருத்தர் சொன்னதாவும் கேள்விப்பட்டேன். பக்கத்துக் குளத்துல ஏற்கனவே அதோட கூட்டம் இருக்கு. நம்ம வீட்டை இடிச்சிட்டு பக்கத்து வீட்டுல போயி படுன்னு சொன்னா அவன் எத்தன பேருக்குப் பாய் போடுவான்? கூந்தன்குளத்தை எடுத்துக்கோங்க, 1994-லயே சரணாலயம், இப்போ ராம்சார் தளம், அதான் உலக அளவுல முக்கியம்னு பட்டியல்ல சேர்த்த ஈரநிலம், போர்டு வச்சிருக்கு, டவர் வச்சிருக்கு, எல்லாம் சந்தோசம். ஆனா அங்க கூடு கட்டுற மஞ்சமூக்கு நாரையும் கூழைக்கடாவும் அந்த ஒரு குளத்து மீனை வச்சா குஞ்சு வளர்க்குது? சுத்துப்பட்டுல உள்ள பேர் தெரியாத குளம், வயல், ஓடை எல்லாத்துக்கும் போய்ப் போய்த்தான் தீனி கொண்டு வருது. படுக்கை அங்க, சாப்பாடு எங்க குளம் மாதிரி குளத்துல. அடுப்பங்கரையை மூடிட்டுக் கட்டிலுக்குக் காவல் போட்டு என்ன பிரயோசனம்.

வரித்தலை வாத்து தெரியுமா உங்களுக்கு, தலையில ரெண்டு கறுப்பு வரி, மங்கோலியா, திபெத் பக்கத்துலேர்ந்து இமயமலையைத் தாண்டி வருது, 7,000 மீட்டருக்கு மேல பறந்ததை அது உடம்புல கருவி கட்டி அளந்திருக்காங்க. எங்க குளத்துக்கு ஒரு வருசம் வரும், ஒரு வருசம் வராது. வந்த வருசம் எங்க ஆச்சி கரைல உக்காந்து பார்த்துட்டு, "இவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கே, நம்ம புள்ளையளு மெட்ராஸ்லேர்ந்து வர மாட்டேங்கு"ன்னு சொல்லிச்சு. சரி, அது வேற கதை.

சட்டத்துக்கு வாரேன், ஏன்னா அன்னைக்கு உங்க ஆபீஸ்ல "இது வெட்லாண்ட் கிடையாது, பாசனக் குளம்"னு ஒரு வார்த்தை சொன்னீங்க. அது நெசம், அதுதான் கொடுமை. 2017-ல வந்த மத்திய அரசு ஈரநில விதில பாசனத்துக்கு வெட்டுன குளமும் நெல்வயலும் ஈரநிலக் கணக்குல வராதுன்னு எழுதி வச்சிருக்கு. ஆனா தமிழ்நாட்டுல இருக்குற 20 ராம்சார் தளத்துல பாதிக்கு மேல விவசாயத்துக்கு வெட்டுன குளமும் ஏரியும்தானே? வேடந்தாங்கல் ஏரிதானே, வடுவூர் ஏரிதானே, கூந்தன்குளம் குளம்தானே? நம்ம ஊர்ல மனுசன் வெட்டாத ஈரநிலம் எத்தன இருக்கு விரல் விட்டுச் சொல்லுங்க. இந்தியாவுல 2.25 ஹெக்டேருக்கு மேல உள்ள 2,01,503 ஈரநிலங்களைப் பாதுகாக்கணும்னு உச்சநீதிமன்றமும் அதே 2017-ல சொல்லியிருக்கு. எங்க குளம் 2.25 ஹெக்டேரை விட எவ்வளவோ பெருசு. அந்தக் கணக்குல எங்க குளம் இருக்கா இல்லையான்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும், மண்ணு தட்டுறதுக்கு முன்னாடியே பார்த்திருக்கணும்.

குளத்தைத் தூர்வாரக் கூடாதுன்னு நான் சொல்லல, அப்படி யாரும் திரிச்சுற வேண்டாம். எனக்கும் ரெண்டு ஏக்கர் வயல் அந்த மடைக்குக் கீழதான் இருக்கு. எங்க தாத்தா காலத்துல சித்திரை வைகாசில குளம் காய்ஞ்சதும் மாட்டுவண்டி கட்டி கரம்பை அள்ளுவாங்க, மடைக்கு முன்னாடி படிஞ்சதை முதல்ல எடுப்பாங்க, எடுத்தது வயலுக்குப் போகும், குளத்துச் சரிவு சரிவாவே இருக்கும். அது தூர்வாருறது. நீங்க செஞ்சது என்னன்னா கார்த்திகைல, தண்ணி வந்து சேர்ந்த பிறகு, மெஷின் இறங்குறதுக்காக மடையைத் தொறந்து விட்டு, நாத்து பாவுன நேரத்துல அத்தன தண்ணியையும் ஓடைல விட்டீங்க. அன்னைக்கு ராத்திரி எங்க சித்தப்பா மடைகிட்ட போயி நின்னு பார்த்துட்டு வந்து சாப்பிடவே இல்ல. இப்போ பிசானத்துக்குத் தண்ணி பத்தாதுன்னு ஊர்ல பேச்சு நடக்கு, அதுக்கும் பறவைக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா ரெண்டையும் கெடுத்தது ஒரே மெஷின்தான்.

பறவை தங்குற குளத்துத் தண்ணி உரத்தண்ணி, அது எச்சம் பூரா தண்ணிலதான் விழுது, அதனாலதான் வேடந்தாங்கல்காரங்க இருநூறு வருசத்துக்கு மேல பறவையை விரட்டாம வச்சிருக்காங்க. சிவகங்கை மாவட்டத்துல வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி பக்கம் தீவாளிக்கு வெடியே போடுறதில்ல, சின்னப்பிள்ளைகூட போடாது. எந்த ஆபீசும் போய் அவங்களுக்கு உத்தரவு போடல. நாங்க அந்த அளவுக்கு நல்லவங்கன்னு சொல்லிக்க மாட்டேன். எங்க ஊர்க்காரங்க கரைல பாட்டில் உடைக்கிறாங்க, கோழிக்கழிவு மூட்டையைக் கலுங்குல போடுறாங்க, வயல்ல மருந்து அடிக்கிற அடில நானும் அடிச்சிருக்கேன். நீலத்தாழைக்கோழி நாத்தை மிதிக்கும்போது நானே கல்லெடுத்து எறிஞ்சிருக்கேன். அக்டோபர் 2 கிராமசபைல இந்தத் தீர்மானம் வந்தப்போ நான் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிட்டேன், வந்திருந்தா அன்னைக்கே எந்திரிச்சுப் பேசியிருப்பேன், அது என் தப்பு. ஆனா அன்னைக்கு இருந்தவங்ககிட்ட நடைபாதை, லைட்டுன்னு மட்டும்தான் சொல்லியிருக்கீங்க, உள்வாயை மூடப்போறோம்னு ஒரு வரி வாசிக்கலைன்னு கையெழுத்துப் போட்ட ரெண்டு பேர் என்கிட்ட சொன்னாங்க.

லைட்டுன்னதும் ஞாபகம் வருது. ஹைமாஸ் லைட் ரெண்டு வரப்போகுதாம். வாத்து பாதித் தீனியை ராத்திரிலதான் எடுக்குது, இருட்டுல குளத்துலேர்ந்து வயலுக்கும் வயல்லேர்ந்து குளத்துக்கும் போகும் வரும். அது தலைமேல கிரிக்கெட் கிரவுண்டு மாதிரி வெளிச்சம் அடிச்சா எங்க இறங்கும்? போட் விடுறதும் அப்படித்தான், ஒரே ஒரு பெடல் போட் நடுக்குளத்துக்குப் போனாப் போதும், இருக்குற மொத்தக் கூட்டமும் எந்திரிக்கும், எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தா சேர்த்து வச்ச தெம்பெல்லாம் அதுலயே போயிரும். நாலு நாளு பார்க்கும், அஞ்சாவது நாள் போயிரும். அப்புறம் உங்க போட்ல வர்றவங்களுக்குக் காட்ட என்ன இருக்கும், ஃபைபர்ல செஞ்ச அன்னப்பறவையா?

உள்ள நிக்கிற கருவேலமரத்துலயும் சிவப்பு பெயிண்டுல நம்பர் போட்டாச்சு, ஏலம் எப்போன்னு தெரியல. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து ஒரு தடவ பாருங்க, ஒவ்வொரு நம்பர் மேலயும் எத்தன அரிவாள்மூக்கன் உக்காந்திருக்குன்னு.

இனி நான் கேக்குறது.

முதல்ல ஹிட்டாச்சியும் லாரியும் நாளைலேர்ந்து நிக்கணும், பங்குனி கழியுற வரைக்கும் குளத்துக்குள்ள எந்த மெஷினும் இறங்கக் கூடாது, வந்தது திரும்பிப் போகட்டும். உள்வாய்ல தட்டின செம்மண்ணை சித்திரை வைகாசில எடுத்து, பழைய சரிவு எப்படி இருந்துச்சோ அப்படியே விடணும், அந்தச் சரிவு எப்படி இருந்துச்சுன்னு காட்ட எங்க ஊர்ல மடை பார்த்த பெரியவர் இன்னும் இருக்காரு, அவரைக் கூப்பிட்டுக் கேளுங்க, அளவு அவருக்குத் தெரியும். பார்க்கிங், பார்க் எல்லாத்தையும் ரோட்டுக்கு இந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த பொறம்போக்குல வச்சுக்கோங்க, நடைபாதை வேணும்னா கிழக்கு மெயின் கரைல மட்டும், மண் பாதையா போடுங்க, வயசானவங்க நடக்கட்டும், நானும் நடப்பேன், ஆனா டைல்ஸ் வேண்டாம், தண்ணியைப் பார்த்து ஒரு லைட்டும் வேண்டாம். போட் வேண்டவே வேண்டாம். நம்பர் போட்ட மரத்துல எதுல கூடு இருக்கு, எதுல அடையுதுன்னு வனத்துறை வந்து பார்த்து எழுதிக் கொடுக்காம ஏலம் வைக்காதீங்க.

இந்த வேலையோட பிளானை, எங்க எத்தன அடி வெட்டுறீங்க எங்க மூடுறீங்கங்கிற படத்தோட, தமிழ்ல பஞ்சாயத்து போர்டுல ஒட்டுங்க. ஜனவரி 26 கிராமசபைல அதை முழுசா வாசிச்சு திரும்ப ஓட்டு எடுங்க, இந்தத் தடவ நான் எந்தக் கல்யாணத்துக்கும் போகல. உச்சநீதிமன்றம் சொன்ன கணக்குல எங்க குளம் இருக்கா இல்லையாங்கிறதுக்கு எழுத்துல பதில் வேணும். 2011-லேர்ந்து சனவரில தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கு, எங்க மாவட்டத்துக் குளங்கள்ல வருசாவருசம் எண்ணுறாங்க, அந்தக் கணக்கை வாங்கிப் பார்க்காம இனி எந்தக் குளத்துக்கும் எஸ்டிமேட் போடாதீங்க.

கடைசியா ஒண்ணு, பொங்கலுக்கு முன்னாடி ஏதாவது ஒரு காலைல நேர்ல வாங்க. ஜீப்பை ரோட்டுலயே விட்டுட்டு நடந்து வாங்க. வயக்காட்டு வழியா கூட்டிட்டுப் போறேன், அங்க இன்னும் இருக்கு, பொரி உள்ளான் சத்தம் எப்படி இருக்கும்னு கேட்டுட்டு அப்புறமா உள்வாய்க்குப் போய் நின்னு பாருங்க. அஞ்சரைக்கு மடைகிட்ட நிப்பேன், பைனாகுலர் ரெண்டு இருக்கு, ஒண்ணு உங்களுக்கு. மருமவளும் நோட்டோட வருவா. அன்னைக்கு ஒரு நாளாவது அந்த மெஷினை ஆஃப் பண்ணச் சொல்லிட்டு வாங்க.

இப்படிக்கு,
அதே குளத்துத் தண்ணில நெல்லு விதைக்கிற ஒருத்தன்